பத்துப் பேருக்குக் குறைவான பட்டறையா? தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோவையில் சிறு பட்டறைகளுக்குச் சம்பளக் கணக்கும் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வேலையும் பார்த்துக் கொடுக்கிறேன். லேத், வெல்டிங், பவர் பிரஸ் (உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் இயந்திரம்), சின்ன வார்ப்படம் என்று ஐந்து பேர், ஏழு பேர் வைத்து நடத்துகிற இடங்கள்தான் அதிகம். முதலாளிகள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி ஜி.எஸ்.டி. பற்றியது. "நம்ம பையன் கை மெஷினில் மாட்டினால் யார் காசு கொடுப்பது?" என்று முதல் நாளே கேட்டவர் அநேகமாக யாரும் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கானது.

ஒரு சம்பவத்தைச் சொல்லி ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இதில் இருக்கிற தவறைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஆறு பேர் வேலை செய்யும் ஒரு பிரஸ் ஷாப். முப்பது வயது ஆபரேட்டர் ஒருவருக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. முதலாளி நல்ல மனிதர், உடனே தனியார் மருத்துவமனையில் சேர்த்தார், பில்லைக் கட்டினார், இரண்டு மாதச் சம்பளமும் கொடுத்தார். "நம்மகிட்ட பாலிசி இருக்கு சார்" என்று தைரியமாகவும் இருந்தார். எடுத்துப் பார்த்தால் அது குழு விபத்துக் காப்பீடு. அதிலிருந்து அந்தப் பையனுக்கு ஒரு தொகை வந்தது, சரி. ஆனால் சட்டப்படி முதலாளி தர வேண்டிய இழப்பீடு அதனால் தீரவில்லை. சில மாதம் கழித்துத் தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. 3,74,364 ரூபாய். அது எப்படி வருகிறது என்று கீழே கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

முதலில் நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தியாவில் வேலையில் அடிபட்டால் இழப்பீடு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று ஈ.எஸ்.ஐ., இன்னொன்று முதலாளியே நேரடியாகத் தருவது. இந்த இரண்டாவதற்காக எடுப்பதுதான் ஊரில் எல்லோரும் "டபிள்யூ.சி. பாலிசி" என்று சொல்கிற தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு. ஒரே தொழிலாளிக்கு, ஒரே விபத்துக்கு இரண்டும் கிடையாது. ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர் அங்கே வாங்கிக்கொள்வார், முதலாளியிடம் இழப்பீடு கேட்க முடியாது.

நிறுவனத்தில் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஈ.எஸ்.ஐ. கட்டாயம். எண்ணும்போது இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். ஈ.எஸ்.ஐ. சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய் (2017 ஜனவரி முதல்). அதற்கு மேல் வாங்கும் சூப்பர்வைசருக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது, ஆனாலும் பத்துப் பேர் கணக்கில் அவரும் ஒரு தலை. அதேபோல கான்ட்ராக்டர் மூலமாக வந்து உங்கள் ஷெட்டுக்குள் நிற்கிறவர்களும் சேருவார்கள். ஏழு பேர் நம் ஆட்கள், நான்கு பேர் மேஸ்திரியின் ஆட்கள் என்றால் பதினொன்றுதான், ஏழு இல்லை. ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் அப்புறம் ஆள் குறைந்து ஆறு பேர் ஆனாலும் வெளியே வர முடியாது.

பத்துக்குக் குறைவு என்றால் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில். "எங்களுக்கு எந்தச் சட்டமும் வராது, நாங்க சின்ன யூனிட்" என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறானது அது. இழப்பீட்டுச் சட்டத்துக்குக் குறைந்தபட்ச ஆள் கணக்கே கிடையாது. ஒரே ஒரு ஆள் இருந்தாலும் பொறுப்பு உண்டு, அவர் இன்று காலை வேலைக்கு வந்த தினக்கூலியாக இருந்தாலும் உண்டு. சின்ன யூனிட்தான் இதில் அதிகம் மாட்டுகிறது, பெரிய மில்லுக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது, உங்களுக்கு இல்லை.

யார் யார் வருவார்கள் என்பதற்குச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் நீளமான பட்டியல் இருக்கிறது. இயந்திரத்தில் வேலை செய்பவர், கட்டட வேலை, வண்டி ஓட்டுநர், ஏற்றி இறக்குபவர், கேஸ் அடுப்பில் சமைக்கும் ஓட்டல் சமையல்காரர் வரைக்கும். சம்பளம் 15,000க்கு மேல் போனால் சட்டம் பொருந்தாது என்று ஒரு தவறான பேச்சும் உண்டு. அந்த 15,000 கணக்குக்கான உச்சவரம்பு மட்டும்தான். 30,000 வாங்கும் வெல்டருக்கும் இழப்பீடு உண்டு, கணக்கை 15,000 வைத்துப் போடுவார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, இதை ஈ.எஸ்.ஐ. கட்டுகிறவர்களே கவனிப்பதில்லை. 21,000க்கு மேல் வாங்கும் உங்கள் சூப்பர்வைசர், சீனியர் ஃபிட்டர் இவர்கள் ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே இருக்கிறார்கள் அல்லவா, அவர்களுக்கு விபத்து நடந்தால் இழப்பீட்டுச் சட்டம் வந்து நிற்கும். ஆகவே ஈ.எஸ்.ஐ. உள்ள நிறுவனமும் அந்த நாலைந்து பேருக்கு மட்டும் தனியாக டபிள்யூ.சி. பாலிசி எடுக்க வேண்டும்.

சட்டம் எது இப்போது?

1923ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்தான் நூறு வருடமாக நடைமுறையில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020 அமலுக்கு வந்து, இந்தச் சட்டமும் ஈ.எஸ்.ஐ. சட்டமும் அதற்குள் போய்விட்டன. இழப்பீட்டுப் பகுதி அதில் ஏழாவது அத்தியாயம். கணக்குப் போடும் சூத்திரம் மாறவில்லை: அதே 50 சதவீதம், அதே 60 சதவீதம், அதே வயதுக் காரணி (இவற்றைக் கீழே விளக்குகிறேன்). வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதோ வேலை முடிந்து போகும்போதோ நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், வேலையில் நடந்த விபத்தாகவே கொள்ளப்படும் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்து இரவு ஷிப்டுக்கு பைக்கில் வருகிற ஆட்கள் உங்களிடம் இருந்தால் இது உங்களுக்கு முக்கியம். அப்புறம், சம்பளம் என்பதற்கான விளக்கமும் மாறியிருக்கிறது. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துப் படிகளை ஏற்றி வைத்திருந்தால், மொத்தத்தில் பாதியைத் தாண்டுகிற படிகள் சம்பளமாகவே கணக்கில் சேரும்.

சம்பள உச்சவரம்பும் குறைந்தபட்சத் தொகையும் மத்திய அரசு அறிவிப்பால் மாறக்கூடியவை. பாலிசி புதுப்பிக்கும்போது ஒவ்வொரு வருடமும் அன்றைய அறிவிப்பை ஏஜென்டிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கீழே நான் போடுவது 2020 ஜனவரி 3 முதல் இருக்கும் 15,000 ரூபாய் வரம்பை வைத்து.

உங்கள் ஆபத்து எவ்வளவு என்று ஒரு தாளில் கணக்குப் போடுங்கள்

இதைப் போடாமல் பாலிசி பேசப் போகாதீர்கள். போட்டுப் பார்த்தால்தான் பிரீமியம் அதிகமா குறைவா என்று உங்களுக்கே புரியும்.

மரணம் என்றால் மாதச் சம்பளத்தில் 50 சதவீதத்தை வயதுக் காரணியால் பெருக்க வேண்டும். நிரந்தரமாக, முழுவதுமாக வேலை செய்ய முடியாமல் போனால் 60 சதவீதம். வயதுக் காரணி அட்டவணையில் இருக்கும், இளவயதுக்கு அதிகம், வயது ஏற ஏறக் குறையும். 25 வயதுக்கு 216.91. 30க்கு 207.98. 40க்கு 184.17. 50க்கு 153.09.

மாதம் 15,000 வாங்கும் 30 வயதுக்காரர் இறந்தால்: 7,500 × 207.98 = 15,59,850 ரூபாய். அவரே உயிரோடு இருந்து முழுதாகச் செயலிழந்தால்: 9,000 × 207.98 = 18,71,820 ரூபாய். நிறையப் பேருக்கு இது ஆச்சரியமாக இருக்கும், ஆனால் நியாயமானதுதான், அவருக்கு வாழ்நாள் முழுக்க யாராவது சோறு போட வேண்டும்.

விரல், கண் என்று ஒரு பகுதி மட்டும் போனால் முதல் அட்டவணையில் சதவீதம் கொடுத்திருக்கிறார்கள். கட்டைவிரல் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுதாக 14. ஒரே கையில் இரண்டு விரல் 20, மூன்று விரல் 30, நான்கு விரல் 50. ஒரு கண் போனால் 40. முழுச் செயலிழப்புத் தொகையில் அந்தச் சதவீதம். மேலே சொன்ன பிரஸ் ஷாப் பையனுக்கு 18,71,820ல் 20 சதவீதம், 3,74,364. இரண்டு விரல், ஒரு நொடி.

தற்காலிகமாகப் படுத்துவிட்டால் மாதச் சம்பளத்தில் 25 சதவீதம் அரை மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும், அதாவது 15,000க்கு 3,750 வீதம் மாதம் இருமுறை, அதிகபட்சம் ஐந்து வருடம். முதல் மூன்று நாள் காத்திருப்புக் காலம், ஆனால் 28 நாளோ அதற்கு மேலோ இழுத்தால் முதல் நாளிலிருந்தே கணக்கு.

இதெல்லாம் போக 2010 முதல் மருத்துவச் செலவு முழுவதும் முதலாளி பொறுப்பு. உண்மையில் எவ்வளவு செலவானதோ அவ்வளவு.

இப்போது வட்டி. இழப்பீடு விபத்து நடந்த அன்றே தர வேண்டியதாகிவிடுகிறது என்பது உச்ச நீதிமன்றம் 1975லேயே சொன்னது. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால், 1923 சட்டத்தில் ஆண்டுக்கு 12 சதவீதம் தனி வட்டி. நியாயமான காரணம் இல்லாமல் தாமதித்தால் இழப்பீட்டில் 50 சதவீதம் வரை அபராதம். 15,59,850க்கு ஒரு வருட வட்டி மட்டும் 1,87,182 ரூபாய். வழக்கு மூன்று வருடம் இழுக்கட்டும் என்று வக்கீல் சொன்னால் இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"அவன் கவனக்குறைவாக இருந்தான்" என்பது பதில் ஆகாது. குடித்திருந்தான், வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறினான், இயந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றி வைத்தான் என்று நிரூபித்தால் தப்பலாம், அதுவும் மரணமோ முழுச் செயலிழப்போ இல்லாதபோது மட்டும். ஆள் இறந்துவிட்டால் இந்த வாதங்கள் எதுவும் செல்லாது. "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று முன்கூட்டியே எழுதி வாங்கிய கடிதமும் செல்லாது.

பாலிசி கட்டாயமா?

தமிழ்நாட்டில் ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே உள்ள சாதாரண சிறு பட்டறைக்குப் பொறுப்பு கட்டாயம், பாலிசி உங்கள் விருப்பம். நான் இதை வெளிப்படையாகவே சொல்கிறேன், ஏனென்றால் சில ஏஜென்டுகள் "சட்டப்படி கட்டாயம் சார்" என்று பயமுறுத்தி விற்கிறார்கள், அந்தப் பொய் தேவையே இல்லை. உண்மைக் கணக்கே போதுமான அளவு பயமுறுத்துகிறது. நடைமுறையில் பொதுப்பணித் துறை மாதிரி அரசு டெண்டர், பெரிய கம்பெனிக்குள் போய்ச் செய்யும் வேலை, கட்டட ஒப்பந்தம் எல்லாவற்றிலும் டபிள்யூ.சி. பாலிசி நகல் கேட்பார்கள். ஏன் கேட்கிறார்கள் என்றால், கான்ட்ராக்டர் தராவிட்டால் வேலை கொடுத்த நிறுவனமே தர வேண்டும், அப்புறம்தான் கான்ட்ராக்டரிடம் வசூலிக்க முடியும்.

இதை அப்படியே திருப்பிப் பாருங்கள். உங்கள் ஷெட்டில் பெயின்ட் அடிக்கவோ கூரை மாற்றவோ ஒரு மேஸ்திரியை அழைத்தால், அவருடைய ஆள் மேலேயிருந்து விழுந்தால், நீங்கள்தான் அந்த "வேலை கொடுத்த நிறுவனம்" ஆகும் வாய்ப்பு இருக்கிறது. எஸ்பெஸ்டாஸ் கூரை உடைந்து விழுவது நம் ஊரில் புதிதா என்ன. மேஸ்திரியிடம் பாலிசி இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் உங்கள் பாலிசியில் ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து எடுங்கள்.

பாலிசி எடுப்பது

நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, ஓரியண்டல், நேஷனல் ஆகிய நான்கு அரசு நிறுவனங்களும் தருகின்றன, தனியாரும் தருகிறார்கள். குறைந்தது மூன்று இடத்தில் விலை கேளுங்கள். ஒரே விவரத்தை மூன்று பேரிடமும் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியது: ஒவ்வொரு ஆளும் என்ன வேலை செய்கிறார், மாதச் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர், எந்தெந்த இடத்தில் வேலை, கான்ட்ராக்ட் ஆட்கள் எத்தனை பேர், அவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் கூலி எவ்வளவு, கடந்த வருடங்களில் விபத்து ஏதாவது நடந்ததா.

இதில் வேலை விவரம்தான் உயிர். "எலக்ட்ரிக்கல் ஒர்க்ஸ்" என்று மொட்டையாக எழுதிவிட்டு ஆட்களை நாற்பது அடி உயரத்தில் ஏற்றினால், உயரத்தில் வேலை என்று நீங்கள் சொல்லவே இல்லையே என்று கிளைம் நேரத்தில் கேட்பார்கள். ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருப்பவர், வெளியே போய்ப் பொருத்தும் வேலையும் செய்வீர்கள்தானே, அதையும் எழுதுங்கள். வேலை செய்யும் இடம் என்று ஷெட் விலாசத்தை மட்டும் போட்டுவிட்டால் திருப்பூரில் சைட்டில் நடந்த விபத்து வெளியே போய்விடும்.

பெயர் குறிப்பிட்ட பாலிசி, குறிப்பிடாத பாலிசி என்று இரண்டு உண்டு. ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்துக்கு, குறிப்பாக ஒடிசா, பீகார் ஆட்கள் வந்து போகும் இடத்துக்குப் பெயர் குறிப்பிடாததுதான் சரி. வேலை வகையும் எண்ணிக்கையும் இருந்தால் போதும். ஆனால் விபத்து நடந்த அன்று அவர் உங்களிடம்தான் வேலை செய்தார் என்பதை வருகைப் பதிவேடு காட்ட வேண்டும். எட்டுப் பேருக்குப் பாலிசி, பதிவேட்டில் பதினொரு பேர் என்றால் யாருக்குப் பாதுகாப்பு என்ற சண்டை வரும்.

கூடுதலாகக் கேட்டுச் சேர்க்க வேண்டியவை. மருத்துவச் செலவு முதலில். அடிப்படைப் பாலிசியில் அது தானாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், தனியாகச் சேர்க்க வேண்டும், ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று வரம்பு இருக்கும். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் விரல் அறுவைச் சிகிச்சைக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும், அந்த அளவுக்காவது வரம்பு வையுங்கள். இரண்டாவது, ஒப்பந்தத் தொழிலாளர். மூன்றாவது, தொழில் நோய். வார்ப்படம், கல் உடைப்பு, சாண்ட் பிளாஸ்டிங் மாதிரி சிலிக்கா தூசி பறக்கும் இடம் என்றால் இதைக் கட்டாயம் கேளுங்கள், தூசியால் வரும் நுரையீரல் நோயும் சட்டப்படி வேலையில் பட்ட காயம் மாதிரிதான்.

வட்டியும் அபராதமும் உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று கேளுங்கள். அபராதம் பெரும்பாலும் உங்கள் கையிலிருந்துதான் போகும். வட்டியைத் தர மாட்டோம் என்று பாலிசியில் எழுதியிருந்தால் அது செல்லும் என்று 2006ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நீங்களும் உங்கள் பங்குதாரரும் இந்தப் பாலிசிக்குள் கிடையாது. சின்னப் பட்டறையில் முதலாளியே லேத்தில் நிற்கிறார், அவர் கை போனால் ஒரு பைசா வராது. உங்களுக்கென்று தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

வண்டி ஓட்டுநர், கிளீனர் விஷயத்தில் வண்டியின் இன்சூரன்ஸையும் பாருங்கள். சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கான இழப்பீட்டுப் பொறுப்பு வண்டிப் பாலிசியிலேயே வரும். சரக்கு வண்டியில் ஏற்றி இறக்கப் போகும் ஆட்கள் எத்தனை பேர் என்பதையும் அதில் சரியாகக் காட்டுங்கள்.

எவ்வளவு ஆகும்

பிரீமியம் கணக்கு எளிமையானது. வருட மொத்தச் சம்பளம் பெருக்கல் ஆயிரத்துக்கு இத்தனை ரூபாய் என்ற விகிதம். விகிதம் தொழிலின் ஆபத்தைப் பொறுத்தது. அலுவலக குமாஸ்தாவுக்கு ஒன்று, லேத்துக்கு ஒன்று, உயரத்தில் ஸ்ட்ரக்சர் ஏற்றுபவருக்கு இன்னொன்று, பட்டாசுக்கு வேறு ஒன்று. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி.யை எடுத்தார்கள், இதற்கு எடுக்கவில்லை.

ஆறு பேர், ஆளுக்கு 15,000 என்றால் வருடச் சம்பளம் 10,80,000. ஆயிரத்துக்கு 12 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 12,960. ஜி.எஸ்.டி. 2,332.80. மொத்தம் 15,292.80 ரூபாய். ஒரு ஆளுக்கு மாதம் சுமார் 212 ரூபாய். உங்கள் தொழிலுக்கு விகிதம் இதைவிடக் குறையலாம், கூடலாம், கணக்கு போடும் முறை இதுதான்.

ஒப்பிட, ஈ.எஸ்.ஐ. எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜூலை முதல் முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம். பத்துப் பேர், ஆளுக்கு 15,000 என்றால் முதலாளி பங்கு மாதம் 4,875, வருடத்துக்கு 58,500. தொகை அதிகம்தான். ஆனால் அது விபத்துக்கு மட்டும் இல்லை. தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம், நோய் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், பெண்களுக்குப் பேறுகாலப் பலன் எல்லாம் உண்டு. வேலையில் அடிபட்டுத் தற்காலிகமாகப் படுத்தால் சம்பளத்தில் 90 சதவீதம், அதுவும் இவ்வளவு நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல். இறந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம். டபிள்யூ.சி.யில் ஒரே தடவை மொத்தமாக வந்து, பல வீடுகளில் ஒரே வருடத்தில் கரைந்துவிடுகிறது. என் கருத்தைக் கேட்டால், ஒன்பது பேரோடு நிற்பதற்காகப் பத்தாவது ஆளைப் பதிவேட்டில் காட்டாமல் வைப்பதைவிட ஈ.எஸ்.ஐ.க்குள் போய்விடுவது நல்லது. புதிய சட்டத் தொகுப்பில் பத்துக்குக் கீழே இருந்தாலும் முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளரும் ஒத்துக்கொண்டால் விரும்பிச் சேரலாம்.

ஈ.எஸ்.ஐ. சந்தாவை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், தாமதமானால் 12 சதவீத வட்டி.

பிரீமியத்தைக் குறைக்க நினைத்து எல்லோரும் செய்வது

சம்பளத்தைக் குறைத்துக் காட்டுவது. 15,000 கொடுத்துவிட்டு 8,000 என்று எழுதுவது. இதனால் மிச்சமாகிறது என்ன? மேலே சொன்ன கணக்கில் பாதிக்கும் கீழே, ஆறாயிரம் ஏழாயிரம் ரூபாய். விபத்து நடந்தால் ஆணையர் (தொழிலாளர் துணை ஆணையர்) முன்னால் தொழிலாளியின் குடும்பம் உண்மைச் சம்பளத்தைச் சொல்லும், வங்கிக் கணக்கு இருக்கும், ஜி-பே இருக்கும், கூட வேலை பார்த்தவர் சாட்சி சொல்வார். ஆணையர் 15,000க்குத் தீர்ப்பு எழுதுவார். காப்பீட்டு நிறுவனம் நீங்கள் அறிவித்த சம்பளத்துக்கு ஏற்பத்தான் தருவேன் என்று நிற்கும். 15,59,850க்கும், 4,000 × 207.98 ஆன 8,31,920க்கும் நடுவில் இருக்கும் 7,27,930 ரூபாய் யார் பாக்கெட்டிலிருந்து போகும் என்று யோசியுங்கள். ஏழாயிரத்துக்காக ஏழு லட்சம்.

நேர்மையான வழிகளில் குறைக்கலாம். எல்லோரையும் "பிரஸ் ஆபரேட்டர்" என்று ஒரே வகையில் போடாமல், கணக்கு எழுதுபவர், பேக்கிங் செய்பவர் எல்லோரையும் அவரவர் வகையில் பிரித்துப் போடுங்கள், குறைந்த ஆபத்துக்குக் குறைந்த விகிதம் கிடைக்கும். விபத்தில்லாத வருடங்களின் விவரத்தைக் காட்டிப் பேரம் பேசுங்கள். வருட முடிவில் உண்மையில் கொடுத்த சம்பளத்தை அறிவித்துச் சரிக்கட்டும் விதி பாலிசியில் இருக்கும், ஆள் குறைந்திருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம், பலர் கேட்பதே இல்லை. கூடியிருந்தால் கூடுதல் கட்டிவிடுங்கள்.

பிரீமியம் போய்ச் சேர்ந்த பிறகுதான் பாதுகாப்பு ஆரம்பம், இது 1938 காப்பீட்டுச் சட்டத்தில் இருக்கும் விதி. செக் திரும்பிவிட்டால் பாலிசித் தாள் கையில் இருந்தும் பயனில்லை. புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே ஆன்லைனில் கட்டி ரசீது வாங்கி வையுங்கள்.

தினமும் வைத்திருக்க வேண்டிய தாள்கள்

வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், ஒவ்வொருவரின் ஆதார் நகல், வயதுச் சான்று. வயதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால் காரணி வயதை வைத்துத்தான். வெளிமாநில ஆட்களுக்கு வீட்டு விலாசமும் மனைவி அல்லது பெற்றோரின் போன் எண்ணும் வாங்கி வையுங்கள். ஒடிசாவில் கலஹண்டியில் இருக்கும் ஒரு அம்மாவுக்குச் செய்தி சொல்ல எண் இல்லாமல் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சம்பளத்தை வங்கியில் போடுங்கள். வேலைக்குச் சேரும்போதே இழப்பீட்டு உரிமையை ஆங்கிலம், இந்தி, அந்தப் பகுதியின் ஆட்சி மொழி இவற்றில் அவருக்குப் புரிவதில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது 2017 முதல் சட்டம். இந்தியிலோ தமிழிலோ அரைப் பக்கம் போதும், கையெழுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள். செய்யாவிட்டால் 50,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம் என்று எழுதியிருந்தார்கள்.

விபத்து நடந்துவிட்டால்

முதலில் மருத்துவமனை. ஈ.எஸ்.ஐ. ஆள் என்றால் முடிந்தவரை ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை, கோவைக்குச் சிங்காநல்லூர், உயிருக்கு ஆபத்து என்றால் பக்கத்தில் எது இருக்கிறதோ அது. மருத்துவரிடம் "வேலையில் இயந்திரத்தில் அடிபட்டது" என்று உண்மையைச் சொல்லுங்கள். போலீஸ் வரும் என்று பயந்து "பைக்கில் விழுந்துவிட்டார்" என்று சொல்லிவிடுகிறார்கள், அந்த விபத்துப் பதிவேட்டு நகல்தான் பின்னால் கிளைமின் முதல் தாள், அதிலேயே பொய் இருந்தால் உங்கள் பாலிசியை நீங்களே கிழித்துப் போட்ட மாதிரி.

ஈ.எஸ்.ஐ. என்றால் 24 மணி நேரத்துக்குள் விபத்து அறிக்கை கிளை அலுவலகத்துக்குப் போக வேண்டும், மரணம் என்றால் உடனே. டபிள்யூ.சி. என்றால் அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுத்தாகத் தெரிவியுங்கள், போனில் சொன்னேன் என்பது நிற்காது. மரணம் அல்லது படுகாயம் என்றால் ஏழு நாட்களுக்குள் ஆணையருக்கும் அறிக்கை. தொழிற்சாலை உரிமம் உள்ள இடம் என்றால் தொழிலகப் பாதுகாப்பு அதிகாரிக்கும் தனியாகத் தெரிவிக்க வேண்டும்.

மெஷினை அப்படியே விட்டுப் படம் எடுங்கள். அன்றைய வருகைப் பதிவேடு, அந்த ஆளின் கடைசிச் சம்பள விவரம், மருத்துவ பில்கள், மரணம் என்றால் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டே வாருங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயரோ விசாரணை அதிகாரியோ வந்தால் இருப்பதைக் காட்டுங்கள்.

மரண இழப்பீட்டைக் குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுக்காதீர்கள். இது இரக்கமில்லாத பேச்சு மாதிரி தோன்றும், ஆனால் சட்டப்படி ஆணையரிடம் கட்டினால்தான் அது இழப்பீடு கொடுத்ததாகக் கணக்கு. ஊர்ப் பெரியவர் முன்னால் ஐந்து லட்சம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டு, பிறகு முழுத் தொகையும் மறுபடி கட்டியவர்கள் உண்டு. சாவு வீட்டுச் செலவுக்கு மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணமாகக் கொடுத்தால் அதைக் கழித்துக்கொள்வார்கள், அதைத் தாராளமாகக் கொடுங்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மீதி ஆணையர் வழியாகப் போகும்போது யார் வாரிசு, யாருக்கு எவ்வளவு, சின்னக் குழந்தையின் பங்கை வங்கியில் போடுவதா என்று அவரே பிரிப்பார். அது அந்தக் குடும்பத்துக்கும் பாதுகாப்பு.

காப்பீட்டு நிறுவனம் தாமதிக்கிறது என்றால் கை கட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள், வட்டி விபத்து நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. உங்களால் முடிந்தால் ஒத்துக்கொள்ளும் தொகையை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, அவர்கள் சம்மதத்தோடு ஆணையரிடம் கட்டுங்கள். சம்மதம் இல்லாமல் நீங்களாகவே பொறுப்பை ஒத்துக்கொண்டால் கிளைமை மறுக்க அவர்களுக்கு ஒரு சாக்கு கிடைக்கும். தொழிலாளிக்குக் கோரிக்கை வைக்க இரண்டு வருடம் இருக்கிறது, அதனால் "ஆறு மாசம் ஆச்சு, ஒண்ணும் வரல" என்று கோப்பைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

அந்த பிரஸ் ஷாப் முதலாளி பணத்தைத் தவணையாக இல்லாமல் ஒரே தடவையாகவே கட்டினார், ஒரு மெஷினை விற்று. அந்தப் பையன் இப்போதும் அங்கேதான் வேலை செய்கிறார், தரப் பரிசோதனையில், கேஜ் பிடித்துப் பார்க்கிற வேலை. பட்டறையில் எட்டுப் பேருக்கு உண்மைச் சம்பளத்தோடு, மருத்துவச் செலவும் சேர்த்து, டபிள்யூ.சி. பாலிசி இருக்கிறது. போன மாதம் புதுப்பிக்க நான்தான் தாள்களை எடுத்துக்கொண்டு போனேன்.